‘ரைட்’ என்ற ஒரே சொல்

சட்னி கேட்க வேண்டிய இடத்தில் என் கணவர் சில்லறை கேட்டார். நோய் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

அன்று அவருக்கு வார விடுப்பு. இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “கொஞ்சம் சில்லறை குடு” என்றார். சேகர் மாநகரப் பேருந்தில் நடத்துநர். நாள் முழுக்கச் சில்லறைச் சண்டை போடுகிற வாய். “வீட்டுலயும் டூட்டியா?” என்று கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்னிக் கிண்ணத்தைக் காட்டி, “சில்லற... சில்லற...” என்றார். அவருக்கே அவர்மேல் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது.

பிறகு வலது கையில் இருந்த டம்ளர் நழுவி விழுந்தது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. கை இன்னும் டம்ளரைப் பிடித்திருப்பதுபோல வளைந்தபடியே நின்றது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய் கோணுவதும் கை தொய்வதும் மட்டும் அறிகுறி இல்லை. வாயில் தவறான சொல் வருவதும் அறிகுறிதான். படுத்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று எந்த மகராசன் சொன்னாலும் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்தெருவில்தான் வீடு. முனையில் நின்ற முதல் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி சாலையில் இருக்கும் மருத்துவமனைக்குப் போனேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் நடைபாதைக்கு வந்து பேசினார். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு அந்தப் பகுதி செயலிழப்பது). இடதுபக்க மூளை. அதனால் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன.

“நேரத்தோட கூட்டிட்டு வந்துட்டீங்கம்மா. அடைச்சிருக்கிற இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். ஆனா சிலருக்கு அதனாலேயே மூளையில இரத்தம் கசியும். சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். அவருக்குப் பதிலாக நான் சொன்ன முதல் சம்மதம் அது. யோசிக்கக்கூட இல்லை.

ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தேன். மற்றவர்கள் உயிரைக் கேட்பார்கள். நான் நேரத்தைக் கேட்டேன். “ஆண்டவரே, இந்த மனுஷன் இன்னும் உமக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. சொல்லும்வரை விட்டுவையும்” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று விளக்க வேண்டும்.

நான் பிறப்பிலேயே கிறிஸ்தவள். தெற்கே ஒரு சிற்றூரில் அப்பா சபை உபதேசியாராக இருந்தார். வேலைக்காகச் சென்னை வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். அந்த வழித்தடத்தில் சேகர் நடத்துநர். மீதிச் சில்லறையை இறங்கும் வரை தராமல் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தே காதலித்த ஆள். அவருடையது திருமழிசையில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த இந்துக் குடும்பம். யாரும் மதம் மாறவில்லை. பதிவுத் திருமணம்.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு வானகரம் சபைக்கு வருவார். அது ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. கடைசி வரிசையில், படிக்கட்டை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். கண்டக்டர் சீட்டு என்று கேலி செய்வேன். பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்பார். எங்கள் பாஸ்டர் முடிவில், “இன்னைக்கு ஆண்டவருக்குன்னு தீர்மானம் எடுக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்பார். நான் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் பார்ப்பேன். அந்தக் கை ஒருநாளும் எழுந்ததில்லை.

திரும்பி வரும்போது கேட்பேன். “பாக்கலாம்” என்பார். கல்யாணமானதிலிருந்து அதே பதில். இல்லை என்றாலாவது சண்டை போடலாம். ‘பாக்கலாம்’ என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அப்பா வேறு மாதிரி கற்றுத் தந்திருந்தார். இரட்சிப்பு என்பது தேவன் உலகம் உண்டாகும் முன்பே எடுத்த முடிவு, அவர்தான் நம்மைத் தெரிந்துகொள்கிறார், நம்முடைய ‘ஆமென்’கூட அவர் நமக்குள் வைப்பதுதான் என்பார். வேதத் தமிழில் தெரிந்துகொள்ளுதல் என்றால் தேர்ந்தெடுத்தல். இதைச் சேகருக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

“தெரிஞ்சிக்கினாரா? அப்போ அதுக்கு முன்னாடி அவுருக்கு என்னியத் தெரியாதா?”

“தெரிஞ்சிக்கிறதுன்னா தேர்ந்தெடுக்கிறதுங்க.”

“அவுரே எடுத்துக்குவாருன்னா, உங்க பாஸ்டர் இன்னாத்துக்கு வாரா வாரம் கை தூக்கச் சொல்றாரு?”

அவரே தொடர்ந்தார். “இப்டி வெச்சிக்க. உங்க ஆளு டிரைவரு. ஸ்டியரிங்கு, பிரேக்கு எல்லாம் அவுரு கையிலதான் கீது. ஆனா நான் ரைட்டு குடுக்காம வண்டி நவுருமா?”

“உங்களை அந்த வண்டியில ஏத்திவிட்டதே அவர்தான்னா?”

“அத்த அப்பாலிக்கா பாக்கலாம்.”

உண்மையைச் சொன்னால் நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன். ஜெபிக்கும்போது அப்பா கட்சி. தேவனால் ஒரு மனதைத் திருப்ப முடியாது என்றால் அவரிடம் போய் ஏன் கேட்க வேண்டும்? சேகரோடு வாதாடும்போது பாஸ்டர் கட்சி. “நீங்கதான் முடிவு எடுக்கணும்” என்று கத்துவேன். இரண்டுக்கும் வசனம் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் தேவை அதுவரை எனக்கு வரவில்லை.

ஊசி வேலை செய்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. கால் கொஞ்சம் அசைந்தது. பேச்சு மட்டும் இல்லை. வாயைத் திறப்பார், கண் கலங்கும், மூடிக்கொள்வார். நாலைந்து நாள் அப்படிப் போயிற்று.

ஒருநாள் காலை நர்ஸ் வந்து, “ஊசி போடலாமாண்ணா?” என்று கேட்டாள்.

“ரைட்” என்றார்.

தெளிவாக, கணீரென்று, படிக்கட்டில் தொங்குகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற அதே குரலில். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாஷ்பேசினில் குழாயை மூடாமலே ஓடி வந்தேன். “பசிக்குதா?” “ரைட்.” “என்னைத் தெரியுதா?” “ரைட்.” அன்று முழுக்க நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். தாகத்தில் தண்ணீர் குடிப்பதுபோல அந்தச் சொல்லைக் குடித்தேன்.

மாலையில் பாஸ்கர் வந்தார். சேகரோடு ஒரே வண்டியில் வருடக்கணக்காக ஓடும் டிரைவர். “இன்னா மாமே, கெளம்பலாமா?” என்றார். “ரைட்” என்று சேகர் இடது கையைத் தூக்கினார். பாஸ்கர் சிரித்தபடியே வெளியே போனார். பின்னால் போய்ப் பார்த்தால், நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார்.

டாக்டர் மட்டும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. “இதுக்கு அஃபேசியான்னு பேரு (மூளையில் பேச்சைக் கையாளும் பகுதி கெட்டு, சொல் வராமலும் சில சமயம் புரியாமலும் போவது). வாய்க்குப் பழகிப்போன சொல் சிலருக்குத் தானா வந்துடும். எண்ணு, பாட்டு, கெட்ட வார்த்தை, இப்படி ஏதாவது ஒண்ணு. யோசிச்சுச் சொல்ற சொல் வேற. அதுக்கு நாளாகும்மா.”

எனக்கு அது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் பாஸ்டர் இரண்டு சபை மூப்பர்களோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோது ஒருநாள் விடாமல் வந்தவர். சேகரின் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு, குனிந்து கேட்டார்.

“பிரதர், இயேசுவை உங்க சொந்த இரட்சகரா ஏத்துக்கிறீங்களா?”

“ரைட்.”

மூப்பர்கள் ‘அல்லேலூயா’ என்று சத்தம் போட்டார்கள். பாஸ்டருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “ஞானஸ்நானம் எடுத்துக்கிறீங்களா?” “ரைட்.” மாதத்தின் கடைசி ஞாயிறு, மூப்பர்கள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று அங்கேயே முடிவானது.

நானும் அழுதேன். இத்தனை வருடமாக இந்தக் காதுகள் ஏங்கிய சம்மதம் அது. ஆனால் அன்று காலையில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போடட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டிருந்தேன். அதற்கும் ‘ரைட்’ என்றுதான் சொன்னார். உப்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் அழுதேன், இருந்தும் தேவனுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து சேகரின் அக்கா கஸ்தூரி திருமழிசையிலிருந்து வந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை உப்புக் குறைத்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“டேய் சேகரு, ஆடி மாசம் ஆத்தாவுக்குக் கூழு ஊத்தறேன்னு உனக்காவ வேண்டிக்கினேன்டா. நீ வந்து உன் கையால ஊத்தறியா?”

“ரைட்.”

“பாத்தியா கிறிஸ்டி! இத்தினி வருசம் கோயில் பக்கமே வராதவன். ஆத்தா நாக்குல வந்து குந்திக்கினா.”

அண்ணியின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தேன். அது அப்படியே பாஸ்டர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் அந்த மனிதனை இழுக்கிறோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுப் பயிற்சிக்கு நிவேதா என்று ஒரு பெண் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சேகரின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க பேர் சேகரா?”

“ரைட்.”

“உங்க பேர் ராமசாமியா?”

“ரைட்.”

“நீங்க பொம்பளையா?”

“ரைட்.” சொல்லும்போதே அவர் முகம் சுருங்கியது. தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. வேறு சொல் இல்லை.

நிவேதா அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். “இவருக்கு ‘இல்ல’ன்னு சொல்ல வரணும்க்கா. அது வர்ற வரைக்கும் இவர் சொல்ற ‘ஆமா’வுக்கு அர்த்தம் கிடையாது. யாரும் இவர்கிட்ட ஒப்புதல் வாங்காதீங்க. பாங்குக்காரங்களா இருந்தாலும் சரி, கோயில்காரங்களா இருந்தாலும் சரி.”

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மாலை நான் மட்டும் சபைக்குப் போனேன். பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீர் ஊற்றியிருந்த ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கிப் படியின் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் வழுக்கி விழக் கூடாது என்று அவரே தேய்க்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே தொட்டியருகே போனேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

“பாஸ்டர், நாளைக்கு வேணாம். அவர் சொன்னது சம்மதம் இல்ல.”

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “சிஸ்டர், மூளையில எல்லாச் சொல்லும் போயி ஒரு சொல் மட்டும் நின்னிருக்கு. அது ‘ரைட்’டா ஏன் இருக்கணும்? ஆண்டவர் விட்டு வச்ச வார்த்தைன்னு உங்களுக்குத் தோணலையா?”

“அது டிப்போ விட்டு வச்ச வார்த்தை பாஸ்டர். நாளெல்லாம் கத்தின வார்த்தை. எங்க அண்ணி கூழ் ஊத்த வர்றியான்னு கேட்டாங்க. அதுக்கும் அதேதான் சொன்னார்.”

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ரெண்டாவது தடவை வந்துச்சுன்னா? வார்த்தை திரும்புறதுக்கு முன்னாடி அவர் போயிட்டா? அதை யோசிச்சீங்களா?”

நான் வேறு எதை யோசித்தேன்? ஒவ்வொரு இரவும் அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறவள் நான். ஆனால் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

“எங்க அப்பா சொன்ன மாதிரி முடிவு ஆண்டவரோடதுன்னா, இவர் வாயில சொல் வர்றதுக்காக அவர் காத்துக்கிட்டு இருக்கத் தேவையில்ல. நீங்க சொல்ற மாதிரி முடிவு இவரோடதுன்னா, இவர் இன்னும் முடிவு சொல்லல. எப்படிப் பார்த்தாலும் நாளைக்கு இவரைத் தண்ணியில இறக்குறது நம்ம சமாதானத்துக்குத்தான் பாஸ்டர். ஆண்டவர், இவர், ரெண்டு பேர்ல ஒருத்தரை நாம நம்பலைன்னு ஆயிடும்.”

அவர் வாதாடியிருக்கலாம். வசனம் காட்டியிருக்கலாம். ஊற்றிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “சரி, தண்ணியத் திறந்து விட்டுடறேன்” என்றார். திறந்தும் விட்டார். அது சத்தம் போட்டுக்கொண்டு வடிவதை இருவரும் நின்று பார்த்தோம். நான் பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே நடந்தேன்.

அண்ணியிடமும் அதையே சொன்னேன். “நல்லா கீதும்மா உன் ஞாயம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஆடியில் தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்து தந்தார். சேகர் இரண்டு டம்ளர் குடித்தார்.

அதன்பிறகு மாதங்கள் ஓடின. பராமரிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தைப் பற்றித்தான். நிவேதா எனக்கு ஒரு விதி போட்டார். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நோயாளியின் சொல்லை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் வாய் திணறும்போது, ‘தண்ணியா? போர்வையா?’ என்று அடுக்கக் கூடாது. சொல்லைத் தேடுகிறவருக்கு நடுவில் நாம் பேசினால் தேடிய இடம் தொலைந்துபோகும்.

இதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை. எனக்கு வாய் ஓயாது. அடுத்தவர் பாதி சொல்வதற்குள் மீதியை நான் முடித்துவிடும் ரகம். அவர் எதிரில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். சமையலறையில் குக்கர் விசிலடிக்கும், வாசலில் கீரைக்காரி போவாள், அவர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார். கடைசியில் வருவது ‘ரைட்’டாக இருக்கும்.

கால் தேறியது. வாக்கரிலிருந்து கோலுக்கு வந்தார். வலது கை அப்படியேதான் இருந்தது.

மாலையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். ஒருநாள் வழக்கம்போல், “ஆண்டவரே, இவரையும் நீர் தெரிந்துகொள்ளும், இவர் மனதைத் திருப்பும்” என்று உருகிக்கொண்டிருந்தேன். அப்போது குரல் கேட்டது.

“ஓல்டான்!”

வண்டியை நிறுத்த அவர் கத்தும் சொல். ஜெபம் நின்றது. என் மூச்சும் நின்றது. கண்ணைத் திறந்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

முதல் மறுப்பு. அது என் ஜெபத்துக்கு. எனக்கு அழுகை முட்டியது. ஆனால் நிவேதாவின் பயிற்சி வீண் போகவில்லை. குரலை அடக்கிக் கேட்டேன்.

“ஜெபம் வேணாமா?”

தேடினார். நான் வாயைத் திறக்கவில்லை.

“ஓல்டான்.” அது இல்லை என்பதுபோல் தலையையும் ஆட்டினார்.

“கை வலிக்குதா?”

“ரைட்.”

நான் உருக்கத்தில் அவருடைய செயலற்ற தோளை இழுத்துப் பிடித்திருந்தேன். (பக்கவாதம் வந்த தோளின் மூட்டு தளர்ந்து இறங்கிவிடும். இழுத்தால் உயிர் போகும் வலி.) கையை மெல்ல மடியில் வைத்தேன்.

“உங்க பேர் ராமசாமியா?”

“ஓல்டான்.”

“சேகரா?”

“ரைட்.”

“நான் உங்க அக்காவா?”

“ஓல்டான், ஓல்டான்!” என்று சொல்லிச் சிரித்தார். கோணல் வாய்ச் சிரிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. நிவேதாவுக்குப் போன் செய்தேன். பேருந்தில் இருந்தவர், அங்கேயே கத்திவிட்டார். பாஸ்டருக்கும் சொன்னேன். “ஸ்தோத்திரம் சிஸ்டர். நல்ல சொல் வந்திருக்கு” என்றார். அந்த மனிதரை அன்று முழுமையாக மன்னித்தேன். மன்னிக்க என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அவருடைய ‘ரைட்’ உண்மையான ‘ரைட்’. அப்படியானால் நான் கேட்டுவிடலாம். என் வாழ்க்கையின் ஒரே கேள்வி. கேட்டால் உண்மையான பதில் வரும்.

நான் கேட்கவில்லை. பயம். அவருக்கு மறுக்கத் தெரிந்துவிட்டது. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், கூடத்துக்கு வந்து “காபி வேணுமா?” என்று கேட்பேன்.

அந்த நாட்களில்தான் ஒன்றை நினைத்தேன். இது இறையியல் தெரிந்தவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். அவரிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க எனக்கு வழி இருந்தது. உதடு அசைவதைப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்திருந்தால் ‘ஆமாம்’ என்று தலையாட்டியிருப்பார். அப்படிக் கிடைப்பது எனக்கு வேண்டாம் என்று ஆகியிருந்தது. எனக்கே வேண்டாம் என்றால் தேவனுக்கு வேண்டியிருக்குமா? எல்லாம் அவர் கையில் என்று அப்பா சொன்னது பொய்யில்லை. கையில் இருந்தும் எடுத்துக் கொடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் பேசவும் மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சேலை கட்டிக்கொண்டு வேதப் புத்தகத்தைப் பையில் வைத்தேன். சேகர் சன்னல் ஓரம், டிப்போவிலிருந்து வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்கும் நாற்காலியில் இருந்தார். நோய் வந்தபின் அவர் சபைக்கு வந்ததில்லை. மாடிப்படி ஏற முடியாது என்பது காரணம். இப்போது ஏறுவார்.

திட்டம் போட்டுக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. “வர்றீங்களா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவருக்கும் புரிந்தது. அது மாடிப்படியைப் பற்றிய கேள்வி இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அவர் தேட ஆரம்பித்தார். ‘ரைட்’ வரும் என்று காத்திருந்தேன். ‘ஓல்டான்’ வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். இரண்டுமே வரவில்லை. உதடு ஒட்டியது, பிரிந்தது. இடது கை தொடையில் தட்டியது. வெளியே ஒரு வண்டி கிளம்பிப் போயிற்று. அடுத்த வண்டியும் போயிற்று. நான் நின்றபடியே நின்றேன்.

இந்த நோய் என் உடம்பையும் மாற்றியிருக்கிறது. அவரைத் தாங்கித் தாங்கி என் இடது தோள் இறங்கிவிட்டது. ரவிக்கை அளவே மாறிவிட்டது. அதைவிட இந்தக் காத்திருப்பு. முன்பெல்லாம் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எனக்கு நேரம் என்றே ஒன்று கிடையாது. இப்போது அங்கேதான் நான் குடியிருக்கிறேன். மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய கம்பெனியில் யாராவது திக்கினாலும் அவசரப்படாமல் நிற்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். பழைய ஆட்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

“பா...” என்றார் சேகர்.

நான் மூச்சுகூட விடவில்லை.

“பாக்...”

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

“பாக்கலாம்.”

டிப்போ கொடுத்த சொல் இல்லை. யாரும் எடுத்துக் கொடுத்த சொல் இல்லை. அவரே உள்ளே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் என் உயிரை வாங்கிய அதே மனிதர், அதே சொல்லோடு, முழுசாகத் திரும்பி வந்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சபைக்கு நேரமாகிவிட்டது. முதல் பாட்டு முடிந்திருக்கும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“ரைட்” என்றேன் நான்.